தண்டையார்பேட்டை விதைக்கடையில வாங்குன கடல்பாசி டானிக், ஆறு மாசம் போட்டுப் பாத்த அனுபவம்

மொதல்ல விஷயத்த சொல்லிடறேன், வாங்கலாம், நல்ல சரக்கு. ஆனா பாட்டில் முன்னாடி பெருசா ‘கடல்பாசி உரம்’னு போட்டிருக்கறத பாத்துட்டு செடிக்கு இது ஒண்ணே போதும்னு நெனச்சுடாதீங்க. அப்படி நெனச்சு வாங்கிட்டு போயி ரெண்டு வாரத்துல ‘ஒண்ணும் வேலைக்கு ஆவல’ன்னு சொல்றவங்கள நானே நாலு பேர பாத்துட்டேன்.

எங்க வீடு புதுவண்ணாரப்பேட்டை. மொட்டமாடியில 25 குரோ பேக் வச்சிருக்கேன், கத்தரி, வெண்டை, தக்காளி, கொஞ்சம் கீரை, நாலு தொட்டியில குண்டு மல்லி. இந்தப் பக்கம் மாடித்தோட்டம் வைக்கறவங்களுக்கு தெரியும், இங்க செடி வளக்கறது அண்ணாநகர்ல வளக்கற மாதிரி இல்ல. போர் தண்ணி உப்பு, கடல் காத்துல உப்பு, ஹார்பருக்கு போற கண்டெய்னர் லாரி கிளப்புற தூசி வேற எலை மேல அப்பிக்கும். சித்திரை வைகாசியில கத்தரி எலை ஓரமெல்லாம் காஞ்ச அப்பளம் மாதிரி சுருண்டு போவும், பூ வச்சதெல்லாம் கொட்டும். மண்புழு உரம் போட்டேன், பஞ்சகவ்யா தெளிச்சேன், கொஞ்சம் பரவால்லன்னு இருந்துச்சே தவிர வெயில் காலத்துல மறுபடி அதே கதை தான்.

கடை தண்டையார்பேட்டையில, டி.எச். ரோடுலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல இருக்கு. சின்ன கடை தான், வாசல்ல கோகோபீட் கட்டி அடுக்கி வச்சிருப்பாங்க, உள்ள ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வெளிய நிக்கணும். கடைக்கார அண்ணன் கிட்ட எனக்கு பிடிச்சது என்னன்னா கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லுவாரு. கடல்பாசின்னு கேட்டதும் மூணு பாட்டில எடுத்து வச்சு, "இதுல ரெண்டு செவப்பு பாசிம்மா, மண்டபம் பக்கம் கயிறு கட்டி வளக்கறாங்கல்ல, அத புழிஞ்சு எடுக்கற சாறு. இது ஒண்ணு தான் பழுப்பு பாசி. உனக்கு எது வேணும்?"னாரு. அதுவரைக்கும் கடல்பாசின்னா எல்லாம் ஒண்ணு தான்னு நெனச்சிட்டு இருந்தவ நானு. நோன்பு நேரத்துல மண்ணடியில கடல்பாசின்னு பாலு ஊத்தி கட்டி போட்டு விப்பாங்களே, அந்த சைனா கிராஸ் கூட செவப்பு பாசியிலேர்ந்து வர்றது தான், பழுப்பு வேற ஜாதி. அரை லிட்டர் 280 ரூபா, பழுப்பையே வாங்குனேன். வாங்குனதுக்கு காரணம் நைனா, எங்க அப்பா. அவரு வலையில சிக்கி வந்தது பழுப்பு பாசி தான்.

வீட்டுக்கு வந்து மூடிய தொறந்தேன். கறுப்பா, டிகாஷன விட கொஞ்சம் கெட்டியா, அந்த வாசன இருக்கே... மீன் நாத்தம் இல்ல, கவிச்சி இல்ல, ஈர வலைய வெயில்ல காய வச்சா அடிக்குமே அந்த வாசன. நைனா காசிமேட்டுல ஃபைபர் போட்ல போனவரு, இப்ப வயசாயிடுச்சு, போறதில்ல. சின்ன வயசுல வாடை காத்து அடிக்கற மாசத்துல அவரு வலைய கொண்டு வந்து போட்டா நானும் தம்பியும் ஒக்காந்து அதுல சிக்கியிருக்கற பாசிய பிரிச்சு எடுப்போம். பழுப்பு கலர்ல கெளை கெளையா, எலை ஓரம் பல்லு பல்லா, நடு நடுவுல மொளகு சைஸ்ல குட்டி குட்டி உருண்டை தொங்கும். வெரலால நசுக்கினா ‘டப்’புன்னு வெடிக்கும், உள்ள வெறும் காத்து. பாட்டில நைனா மூக்கு கிட்ட கொண்டு போயி காமிச்சேன், கண்ண மூடிகிட்டு, "பார்ல இருக்கற பாசி"ன்னாரு. பார்னா கடலுக்குள்ள இருக்கற பாற நெலம், அங்க தான் இந்த பாசி ஒட்டி வளரும், அங்க தான் மீனும் நிக்கும்.

அந்த காத்து உருண்டைக்கு வேலை இருக்குங்க. பாசி அடியில பாறைய கவ்விகிட்டு நிக்குது, தண்டுல மரம் மாதிரி வலு கெடையாது, அதனால இந்த உருண்டைங்க தான் மெதவ மாதிரி அத நிமித்தி மேல வெளிச்சத்துக்கு தூக்கி புடிக்குது. வேருன்னும் கெடையாது. கீழ இருக்கறது வெறும் புடி மட்டும் தான், சத்து உறிஞ்சறதெல்லாம் ஒடம்பு பூரா. இன்னொரு விஷயம், இது செடியே இல்ல. பாக்க செடி மாதிரி இருக்கு, வெயில்ல சாப்பாடு பண்ணுது, ஆனா வம்சம் வேற. நம்ம வேப்பமரத்துக்கு இது சொந்தமே கெடையாது, கண்ணுக்கு தெரியாத டயாட்டம்னு ஒண்ணு கடல் தண்ணியில மெதக்குதே அதுக்கு தான் பங்காளி. உலகத்துல சுமார் 2,000 வகை இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே கடல்ல தான். பழுப்பா இருக்கறதுக்கு காரணம் ஃபியூகோசாந்தின்னு ஒரு நெறமி, கடலுக்குள்ள கீழ எறங்க எறங்க செவப்பு வெளிச்சம் செத்துப்போயி நீலமும் பச்சையும் தான் மிச்சம் இருக்கும், அந்த வெளிச்சத்த புடிக்கறது தான் அதோட வேலை. உள்ள பச்சையமும் இருக்கு, ஆனா இது அத மறைச்சிடும். ஒரு தடவ வலையில வந்த காயாத பழுப்பு பாசி ஒரு கெளைய எங்க ஆயா, அதாவது பாட்டி, வச்சிருந்த கொதிக்கற தண்ணியில போட்டோம், பழுப்பு போயி அஞ்சு செகண்டுல கொத்தமல்லி கலருக்கு மாறிடுச்சு. அன்னிக்கு ஏன்னு தெரியாது, சூட்டுல அந்த பழுப்பு நெறமியோட கட்டு ஒடஞ்சதும் உள்ள இருந்த பச்சை வெளிய தெரிஞ்சுதுன்னு இப்ப புரியுது.

சரி டானிக்குக்கு வரேன். நான் பண்ணுன மொத தப்பு, இத படிக்கறவங்க யாரும் பண்ணாதீங்க. ஒரு லிட்டர் போர் தண்ணியில ஊத்தி கலக்கி ஸ்ப்ரேயர்ல போட்டேன், நாலு தடவ அடிச்சதும் நாசில் அடைச்சுகிச்சு. கழட்டிப் பாத்தா உள்ள மூக்குச்சளி மாதிரி வழவழன்னு நூல் நூலா. மருந்து கெட்டுப்போச்சுன்னு நெனச்சு பாட்டில தூக்கிட்டு கடைக்கு போயிட்டேன். அண்ணன் பாட்டில வாங்கி பாக்கக்கூட இல்ல, "போர் தண்ணியில கலந்தியா?"ன்னு தான் கேட்டாரு. பழுப்பு பாசியோட ஒடம்புல ஆல்ஜினேட்னு ஒரு பசை இருக்கு, அலை அடிக்கற அடியில ஒடையாம வளஞ்சு குடுக்கறதே அந்த பசையால தான். அது கால்சியத்த பாத்தா ஜெல்லியா எறுகிடும், நம்ம ஏரியா போர் தண்ணியில சுண்ணாம்பு எவ்ளோன்னு பக்கெட் ஓரத்துல படியற வெள்ளைய பாத்தாலே தெரியும். ஆயாவுக்கு பல் செட்டு கட்டுனப்ப டாக்டர் பிங்க் கலர்ல ஒரு மாவ கொழச்சு வாயில வச்சு ரெண்டு நிமிஷத்துல ரப்பர் மாதிரி அச்சு எடுத்தாரே, அதுவும் இதே ஆல்ஜினேட் தான். 1881லயே ஸ்டான்ஃபோர்டுன்னு ஒரு கெமிஸ்ட் பாசியிலேர்ந்து இத பிரிச்சு எடுத்து பேட்டன்ட் வாங்கிட்டாரு, இன்னிக்கு ஐஸ்கிரீம்லேர்ந்து புண்ணுக்கு போடற கட்டு வரைக்கும் இது இருக்கு. அதனால மெட்ரோ குழாய் தண்ணியில கலங்க, இல்ல மழைத்தண்ணி, ஏசி தண்ணி புடிச்சு வச்சு கலங்க. அதுக்கப்பறம் ஒரு நாள் கூட எனக்கு அடைக்கல.

அளவு, லிட்டருக்கு 3 மில்லி. பாட்டில்ல 5 வரைக்கும் போட்டிருக்கு, எனக்கு 3 போதுமா இருந்துச்சு, ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி வரும்னு கெடையாது. காலைல ஏழு மணிக்குள்ள, எலையோட அடிப்பக்கம் நல்லா நனையற மாதிரி, 15 நாளைக்கு ஒரு தடவ. தெளிக்கறதுக்கு மொத நாள் சாயங்காலம் வெறும் தண்ணியில எலைய கழுவி விட்ருங்க, லாரி தூசி மேல தெளிச்சு என்ன பிரயோஜனம்.

ஆறு கத்தரி பையில மூணுக்கு தெளிச்சேன், மூணுக்கு தெளிக்கல. மண்ணு ஒண்ணு, நாத்து ஒண்ணு, வெயில் ஒண்ணு. மொத மாசம் ஒரு வித்தியாசமும் தெரியல, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டாவது மாசக் கடைசியில, நல்ல கத்திரி வெயில்ல, தெளிச்ச மூணும் மதியம் ரெண்டு மணிக்கு எலைய தொங்கப்போடாம நிக்குது, தெளிக்காதது மூணும் துணி மாதிரி தொங்குது. சாயங்காலம் தண்ணி ஊத்துனா ரெண்டும் எழுந்துக்கும், ஆனா ஓரம் கருகறது இதுல கம்மி. பூ கொட்டறதும் கொறஞ்சுது. காய் சைஸ் பெருசாச்சான்னு கேட்டா இல்ல, எண்ணிக்கை தான் கொஞ்சம் கூடுச்சு. குண்டு மல்லியில தான் நான் அசந்துட்டேன், கவாத்து பண்ணிட்டு ரெண்டு தடவ தெளிச்சதுல அவ்ளோ குருத்து, அவ்ளோ மொட்டு. கீரைக்கு ஒண்ணுமே தெரியல, அதுக்கு செலவு பண்ணாதீங்க. நாத்து புடுங்கி நடறப்ப வேர இந்த தண்ணியில பத்து நிமிஷம் ஊற வச்சு நட்டா வாடாம புடிச்சுக்குது, தக்காளிக்கு ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டேன்.

ஏன் உப்புலயும் வெயில்லயும் தாங்குதுன்னு யோசிச்சா ஆச்சரியம் எதுவும் இல்ல. கடல் தண்ணி வத்துற நேரத்துல அந்த பாசி பாறையில ஒட்டிகிட்டு மணிக்கணக்கா வெயில்ல காயுது, மறுபடி உப்புத்தண்ணியில முங்குது, மழை பெஞ்சா நல்ல தண்ணியில நனையுது, இதெல்லாத்தையும் தாங்கறதுக்குன்னே அது ஒடம்புல மேனிட்டால், பீட்டைன்னு சில சரக்கு சேத்து வச்சிருக்கு. செடிக்கு வளர்ச்சி ஹார்மோன் இருக்குல்ல, ஆக்சின், சைட்டோகைனின், அந்த மாதிரியும் கொஞ்சம் இதுல இருக்கு. நம்ம தெளிக்கறப்ப செடிக்கு போறது இது தான். சாப்பாடு போகல. தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்) சத்தெல்லாம் இதுல பேருக்கு தான், கொஞ்சம் சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருக்கும் அவ்ளோ தான். விவசாயம் பண்றவங்க இத டானிக்னு தான் சொல்லுவாங்க, அது தான் சரியான பேரு. 2021ல மத்திய அரசு உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள பயோஸ்டிமுலன்ட்னு, அதாவது செடியோட வளர்ச்சிய தூண்டி விடற சரக்குன்னு, தனியா ஒரு வகைய சேத்து அதுல கடல்பாசி சாறையும் கொண்டு வந்துட்டாங்க. இந்த பாட்டில்லயும் பின்னாடி பொடி எழுத்துல பயோஸ்டிமுலன்ட்னு தான் இருக்கு, முன்னாடி தான் உரம். மண்புழு உரம் போடறத நிறுத்தாதீங்கன்னு நான் மறுபடி மறுபடி சொல்றது அதுக்கு தான்.

இப்ப என் மனக்குறைய சொல்றேன், கம்பெனி பேரு வேணாம், ஏன்னா நான் பாத்த முக்காவாசி பாட்டில் இப்படி தான் இருக்கு. எந்த பாசி, எங்க எடுத்தது, ரெண்டும் லேபிள்ல இல்ல. ‘தூய கடல்பாசி’ன்னு மட்டும் போட்டா போதுமா? பழுப்பு பாசியிலயே அயர்லாந்து, நார்வே, கனடா பக்கம் குளிர் கடல்ல வளர்ற ஆஸ்கோஃபில்லம் இருக்கு, கறுப்பு செதிலா வந்து தண்ணியில கரையறது பெரும்பாலும் அது தான். நம்ம மன்னார் வளைகுடாவுல எடுக்கற சார்காசம், டர்பினேரியா இருக்கு. மண்டபம் பக்கம் கல்யாணம் பண்ணி போன எங்க அத்தை பொண்ணு சொல்லுவா, அங்க சார்காசத்துக்கு கட்டக்கோரைன்னு பேரு, டர்பினேரியாவுக்கு பக்கோடா பாசி. படத்த பாத்தீங்கன்னா அந்த பேரு எவ்ளோ பொருத்தம்னு தெரியும். அந்த ஊர் பொம்பளைங்க கண்ணாடி மாட்டிகிட்டு, வெரல்ல துணி சுத்திகிட்டு, மூச்சடக்கி முங்கி தான் இத எடுக்கறாங்க. 1986ல அங்க இருக்கற 21 தீவையும் சேத்து கடல் தேசியப் பூங்கா ஆக்குனதுக்கு அப்பறம் தீவு பக்கம் போனா பிரச்சனை, போவலன்னா சோறு இல்ல. மாசத்துல இத்தன நாள் தான் எடுப்போம்னு அவங்களே கட்டுப்பாடு போட்டுகிட்டாங்க, அந்த பொம்பளைங்கள்ல ஒருத்தரான லட்சுமி மூர்த்திங்கறவங்களுக்கு தீவுங்களோட இயற்கைய காக்கறவங்களுக்கு குடுக்கற சீகாலஜி விருது 2015ல கெடச்சுது. அந்த பேரும் பாடும் பாட்டில்ல ஒரு வரி வரக்கூடாதா?

இது வெறும் கௌரவ விஷயமும் இல்ல. பாசிய வேரோட புடுங்குனா, அதாவது அந்த புடியோட பேத்து எடுத்தா, திரும்ப மொளைக்காது, மேல அறுத்து எடுத்தா மறுபடி வளரும். கட்டக்கோரை அடர்த்தியா நிக்கற எடத்துல தான் மீன் குஞ்சு ஒளியும், எறா குஞ்சு ஒளியும், கணவாய் முட்டைய கொத்து கொத்தா ஒட்ட வைக்கும், ஓரா மீன் அதையே மேயும். நைனா ஓரா வாங்குனா வயித்த கீறி காமிப்பாரு, பூரா பாசி. பார்ல பாசி போனா மீனும் போயிடும்னு எங்க ஆளுங்களுக்கு படிச்சு தெரிய வேண்டியதில்ல. கலிஃபோர்னியா பக்கம் கெல்ப்னு இதே வம்சத்து பாசி ஒண்ணு இருக்கு, நூறு அடிக்கு மேல நின்ன காடு மாதிரி வளரும், நல்லா வளர்ற நேரத்துல ஒரு நாளைக்கு ரெண்டடி. அங்க தோலுக்காக கடல் நீர்நாய எல்லாம் வேட்டையாடி தீத்தாங்க, அது தின்னுட்டு இருந்த கடல் முள்ளெலி பெருகி கெல்ப்போட அடிய கடிச்சு, நெறைய எடத்துல காடே மொட்ட பாறையா போச்சு. 1911ல தான் நாலு நாடு சேந்து ஒப்பந்தம் போட்டு அந்த வேட்டைய நிறுத்துனாங்க, நீர்நாய் திரும்பி வந்த எடத்துல காடும் திரும்பி வந்துச்சு. நம்ம கடல் சூடு, கெல்ப் இங்க வராது, நமக்கு அந்த எடத்துல நிக்கறது கட்டக்கோரை தான். இதே சார்காசத்துல பாறையே புடிக்காம மெதந்துகிட்டே வாழற ரெண்டு வகை அட்லாண்டிக்ல இருக்கு, 2018ல மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் 8,850 கிலோமீட்டருக்கு பட்டையா மெதந்துச்சு, ரெண்டு கோடி டன்னு. அங்க கரை ஒதுங்கி அழுகுறத அள்ளி மாளல, இங்க முங்கி முங்கி எடுக்கறாங்க. அதனால தான் எங்க எடுத்ததுன்னு எழுதச் சொல்றேன்.

பக்கத்து மாடி அக்கா ஒருத்தவங்க, "ஏன் காசு குடுத்து வாங்கற, திருவொற்றியூர் பக்கம் கல்லு கொட்டியிருக்கற எடத்துல பாசி வழுக்குதே, அள்ளிட்டு வந்து ஊற வச்சா ஆவாதா?"ன்னாங்க. வேணாங்க. மொதல்ல அது பச்ச பாசி, வேற ரகம். பழுப்பே ஒதுங்குனாலும் நம்ம கரையில எடுக்காதீங்க. ஆல்ஜினேட் கால்சியத்த புடிக்கற மாதிரியே ஈயம், காட்மியம்னு கன உலோகத்தையும் புடிச்சு வச்சுக்கும், கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணவே பழுப்பு பாசிய பயன்படுத்தி ஆராய்ச்சி பண்றாங்க. 2017 ஜனவரியில எண்ணூருக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ண கொட்டுனது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகம் பூரா எண்ண படிஞ்சது, ரெண்டையும் கண்ணால பாத்தவ நானு, நைனாவோட சேக்காளிங்க வலையெல்லாம் தாரு பூசுன மாதிரி கெடந்துச்சு. அந்த தண்ணியில வளந்தத கத்தரிக்காய்க்கு போட்டு புள்ளைங்களுக்கு குடுக்க எனக்கு மனசு வராது.

மூணாவது தடவ கடைக்கு போனப்ப இந்த லேபிள் விஷயத்த அண்ணன் கிட்ட சொன்னேன். ஏஜென்ட்ட கேக்கறேன்னாரு, சும்மா சொல்றாருன்னு தான் நெனச்சேன், ரெண்டு வாரம் கழிச்சு அவரே போன் பண்ணி, "சார்காசம்னு பேரு போட்டது ஒண்ணு வந்திருக்கும்மா, எடுத்து வக்கவா?"ன்னாரு. அது 320 ரூபா, 40 ரூபா ஜாஸ்தி, இப்ப அத தான் தெளிக்கறேன். வாசன அதே தான். வேலையும் அதே அளவு தான் செய்யுது.

வாங்கப் போறவங்களுக்கு, அரை லிட்டர் பாட்டிலா எடுங்க, 25 பைக்கு எனக்கு அது தாராளமா வருது, பெரிய கேன் வாங்குனா தொறந்து வச்சு பாதியில புளிச்சு மூடி ஊதிக்கும். வெயில் படாத எடத்துல வைங்க, ஊத்தறதுக்கு முன்னாடி நல்லா குலுக்குங்க, அடியில வண்டல் தங்கும். கலந்த தண்ணிய அன்னிக்கே தெளிச்சு முடிச்சுடுங்க. கடை ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணி வரைக்கும் தான், ஜிபே வாங்கறாரு. ‘பழுப்பு பாசி, பேரு போட்டது’ன்னு கேளுங்க, பாசி பாட்டில்னு மட்டும் கேட்டா முன்னாடி இருக்கற செவப்ப எடுத்து குடுத்துடுவாரு.